எத்தனை நாளைக்கு எண்ணெய்?

தேசத்தின் கையில் எத்தனை நாளைக்கு வேண்டிய எண்ணெய் இருக்கிறது என்று பார்லிமெண்டில் எப்பொழுது கேட்டாலும் சர்க்கார் சொல்லிவந்த விடை 74 நாள் என்பதாகும். பூமிக்கடியிலுள்ள குகைகளில் 9½ நாளுக்கு உரியதும், எண்ணெய்க் கம்பெனிகளின் தொட்டிகளில் 64½ நாளுக்கு உரியதும் சேர்ந்து இந்தத் தொகை கிடைக்கிறது. கேட்போருக்கு ஆறுதல் தரும் விடைதான். இரண்டரை மாதம் ஒரு கப்பலும் வராமற் போனாலும் அடுப்பு எரியும், லாரி ஓடும் என்று சாமானிய ஜனங்கள் எண்ணிக்கொள்வதில் பிழையில்லை. ஆனால் அந்த விடையை இன்னொரு முறை நிதானமாக வாசித்துப் பார்க்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். 74 நாளுக்கு வேண்டிய எண்ணெய் இருக்கிறது என்று அதில் சொல்லப்படவில்லை. அவ்வளவு எண்ணெயைச் சேமிப்பதற்கு இடம் இருக்கிறது என்றே சொல்லப்பட்டிருக்கிறது.

தஞ்சை ஜில்லாவில் ஒரு மிராசுதாரிடம் சென்று, "உங்கள் வீட்டில் எவ்வளவு நெல் இருக்கிறது?" என்று கேட்டால், அவர் பத்தாயத்தின் நீள அகலத்தை அளந்து சொல்வாரானால் நாம் என்ன நினைப்போம்? பத்தாயம் பெரியதாயிருக்கலாம், உள்ளே எலி ஓடலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நமது பாட்டிமார்களுக்குத் தெரிந்த சங்கதி. எண்ணெய் இலாகாவுக்கு மட்டும் அது தெரியாமலிருக்க நியாயமில்லை. தெரிந்தும் இவ்விதம் விடையளிப்பது ஏன் என்பதே நமது கேள்வி.

கொள்ளளவைப் பற்றிய கணக்காவது சரியாயிருக்கிறதா என்று பார்ப்போம். விசாகப்பட்டினத்தில் 13 லட்சத்து 30 ஆயிரம் டன், மங்களூரில் 15 லட்சம் டன், உடுப்பிக்கு அருகிலுள்ள பாதூரில் 25 லட்சம் டன், ஆக மொத்தம் 53 லட்சத்து 30 ஆயிரம் டன் கச்சா எண்ணெய் கொள்ளும் குகைகள் நமக்கு இருக்கின்றன. 9½ நாள் என்ற தொகை 2019-20-ம் வருஷத்துச் செலவை வைத்துப் போட்டது. 2024-25-ம் வருஷத்தில் தேசம் இறக்குமதி செய்த கச்சா எண்ணெய் சுமார் 24 கோடி டன். அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்குச் சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம் டன் ஆகிறது. குகைகள் மூன்றும் விளிம்பு வரை நிரம்பியிருந்தாலும் 8 நாள்தான் தாங்கும். இதற்குக் கணித சாஸ்திரத்தில் பாண்டித்தியம் வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துப் பையன் சிலேட்டில் போட்டுவிடுவான். வருஷந்தோறும் செலவு ஏற, குகையின் அளவு நின்ற இடத்திலேயே நிற்க, நாள் கணக்கு மட்டும் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து வாசிக்கப்படுகிறது.

கம்பெனிகளின் தொட்டிகளைச் சேர்ந்த 64½ நாள் விஷயத்திலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. சுத்திகரிப்பு ஆலையின் தொட்டியில் இருப்பதெல்லாம் ஆபத்துக்கு உதவும் சேமிப்பு ஆகிவிடாது. குழாய்களில் ஓடிக்கொண்டிருக்கும் எண்ணெயை எடுத்துவிட்டால் குழாய் நின்றுவிடும். தொட்டியின் அடியில் தங்கும் எண்ணெயைப் பம்பு இழுக்காது. ஆலை அன்றாடம் நடப்பதற்கே ஒரு அளவு எண்ணெய் எப்பொழுதும் முன்னால் நிற்க வேண்டும். இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் நெருக்கடி காலத்தில் கைகொடுக்கும். கடைக்காரன் தராசுத் தட்டில் இருக்கும் அரிசியையும் சேர்த்து, பஞ்சத்துக்குச் சேமித்து வைத்திருப்பதாகக் கணக்குக் காட்டினால் நாம் ஒப்புக்கொள்வோமா?

இந்தக் கையிருப்பு விஷயத்தில் நாம் இவ்வளவு அக்கறை கொள்ள வேண்டியதன் காரணம் தேசத்தின் வரவு செலவுக் கணக்கிலேயே இருக்கிறது. 2011-12-ம் வருஷத்தில் நமது எண்ணெய்ப் பண்டங்களின் செலவு 14 கோடியே 80 லட்சம் டன். 2024-25-ல் அது சுமார் 23 கோடியே 90 லட்சம் டன்னாக ஏறியிருக்கிறது. இதே காலத்தில் நமது சொந்தக் கிணறுகளிலிருந்து கிடைக்கும் கச்சா எண்ணெய் 3 கோடியே 80 லட்சம் டன்னிலிருந்து 2 கோடியே 87 லட்சம் டன்னாக இறங்கியிருக்கிறது. இதைவிட மனத்தை உறுத்தும் ஒப்புமை ஒன்று உண்டு. 1984-85-ம் வருஷத்தில் நாம் எடுத்த எண்ணெய் ஏறக்குறைய 2 கோடியே 90 லட்சம் டன். நாற்பது வருஷம் ஓடியும் நாம் அதே படியில் நிற்கிறோம். அன்று தேசத்தின் தேவை 4 கோடி டன்னுக்கும் குறைவு. ஆகவே நாலில் ஏறக்குறைய மூன்று பங்கு நமது சொந்த எண்ணெயாயிருந்தது. இன்று எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் அடுத்தபடியாக உலகில் அதிக எண்ணெய் செலவழிக்கும் தேசம் நம்முடையது என்று சிலர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அதில் நூற்றுக்கு 88 பங்கு பிறர் கையிலிருந்து வாங்குவது என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்படி ஆனதற்குப் பூமியின் மீது மட்டும் பழி போடுவது நியாயமாகாது. பம்பாய்க்கு மேற்கே கடலில் 1974-ல் கண்டுபிடிக்கப்பட்ட பெரிய எண்ணெய்ப் படுகை கிழடு தட்டிவிட்டது என்பது மெய்தான். ராஜஸ்தானத்தில் பார்மர் பிரதேசத்தில் 2009 முதல் கிடைத்துவந்த எண்ணெயும் குறைந்துவருகிறது. கிருஷ்ணா-கோதாவரி முகத்துவாரத்தின் ஆழ்கடலில் 2024 ஜனவரியில் எண்ணெய் வரத் தொடங்கியது. அது குறைவை ஓரளவு ஈடுசெய்யலாமே தவிர நிலைமையை மாற்றிவிடாது. ஆனால் புதிய படுகைகளைத் தேடுவதற்கு வேண்டிய பணத்தை நாம் எதற்குச் செலவிட்டோம்? 2018-ம் வருஷத்தில், தேடும் வேலைக்கென்றே ஏற்பட்ட நமது தேசிய எண்ணெய் ஸ்தாபனத்தைக் கொண்டு, சர்க்காரின் வசமிருந்த ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் கம்பெனியின் பங்குகளை 36,915 கோடி ரூபாய்க்கு வாங்கச் செய்தார்கள். ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போட்டுக்கொண்ட இந்த வியாபாரத்தில் பட்ஜெட்டின் பள்ளம் நிரம்பியது. தேசத்துக்கு ஒரு பீப்பாய் எண்ணெயும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. எண்ணெய்த் தொழிலின் அபிவிருத்திக்கென்று 1974-ல் ஒரு சட்டம் செய்து, உள்நாட்டில் எடுக்கும் கச்சா எண்ணெய் மீது ஒரு தீர்வை விதித்தார்கள். வசூலானதோ லட்சம் கோடிக் கணக்கில். அபிவிருத்தி வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் 900 கோடி ரூபாய். மீதமெல்லாம் பொதுப் பொக்கிஷத்தில் கலந்துவிட்டது. கோயில் திருப்பணிக்கென்று உண்டியல் வைத்து வசூலித்து, தர்மகர்த்தா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது போன்ற காரியம் இது.

எண்ணெய் அற்றுப்போனால் என்ன நேரும் என்பதை நமது ஜனங்கள் பிரத்தியட்சமாக அனுபவித்திருக்கிறார்கள். இரண்டாவது உலக யுத்தத்துக்கு முன்பு நமது விளக்குகளில் எரிந்த மண்ணெண்ணெயில் கணிசமான பகுதி பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பின்வாங்கிய பிரிட்டிஷார் சிரியத்திலிருந்த சுத்திகரிப்பு ஆலையையும் ஐராவதி நதிக்கரைக் கிணறுகளையும் தாங்களே கொளுத்திவிட்டுப் போனார்கள். பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் காடு மலைகளைக் கடந்து கால்நடையாக ஊர் வந்து சேர்ந்தார்கள். வழியிலேயே மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. அவர்கள் வந்து பார்த்த சென்னை ராஜதானியில் பெட்ரோலுக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு வரிசை, பஸ்களின் பின்னால் கரியடுப்பைக் கட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். மேட்டில் ஏறமாட்டாமல் கரி பஸ் நின்றுவிட, பிரயாணிகள் இறங்கித் தள்ளிய கதையைப் பல குடும்பங்களில் முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம்.

சுதந்திரம் வந்த பிறகும் இரண்டு முறை அடி விழுந்தது. 1973-ல் அராபிய தேசங்கள் எண்ணெயை நிறுத்தியபோது, பீப்பாய் 3 டாலராயிருந்த விலை சில மாதங்களில் 12 டாலரை எட்டியது. 1990 ஆகஸ்டில் இராக் குவைத்தைப் பிடித்தது. நமது அந்நியச் செலாவணி கரைந்து, 1991-ல் இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே பணம் இருந்தது. அந்த ஜூலையில் ரிஸர்வ் பாங்கு 47 டன் தங்கத்தை அந்நிய தேசத்துக்கு அனுப்பி அடகு வைத்தது. கஷ்டத்துக்கு எண்ணெய் ஒன்றே காரணம் என்று சொல்ல நாம் துணியவில்லை. கடனும் ஊதாரித்தனமும் சேர்ந்தே அந்த நிலைமையைக் கொண்டுவந்தன. ஆனால் கடைசியாக முதுகை ஒடித்த பாரம் எண்ணெயே. அந்தக் காலத்தில் அவசர சேமிப்பு என்று நமக்கு ஒன்றுமே இருக்கவில்லை.

1973-ன் அனுபவத்துக்குப் பிறகு மற்ற தேசங்கள் சும்மா இருக்கவில்லை. 1974-ல் சர்வதேச எரிசக்தி ஸ்தாபனம் ஏற்பட்டது. அதன் அங்கத்தினராயிருக்கும் ஒவ்வொரு தேசமும் 90 நாள் நிகர இறக்குமதிக்குச் சமமான எண்ணெயைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஜப்பானில் சர்க்கார் சேமிப்பும் தனியார் சேமிப்பும் சேர்ந்து 200 நாளுக்கு மேல் தாங்கும் அளவுக்குப் பெருகின. அமெரிக்கா 1975-ல் சட்டம் செய்து, லூயிஸியானா, டெக்ஸஸ் ராஜ்யங்களின் கடலோரத்தில் உப்புப் பாறைகளைக் குடைந்து, 70 கோடி பீப்பாய்க்கு மேல் கொள்ளும் சேமிப்பை உண்டாக்கிக்கொண்டது. இந்தியா 2017-ல் மேற்படி ஸ்தாபனத்தில் துணை அங்கத்தினராகச் சேர்ந்தது. முழு அங்கத்தினராவதற்கு அந்த 90 நாள் நிபந்தனை வாசலில் நிற்கிறது.

நாம் குகை தோண்டும் யோசனைக்கு வந்ததே தாமதமாகத்தான். அதற்கென்று தனிக் கம்பெனி 2004-ல் ஏற்பட்டது. விசாகப்பட்டினம் 2015-லும், மங்களூர் 2016-லும், பாதூர் 2018-லும் வேலைக்கு வந்தன. வேலையின் நேர்த்தியைப் பற்றி நமக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நமது எஞ்சினீயர்கள் பெருமை கொள்ளத்தக்க காரியம் அது. கடினமான பாறையைக் குடைந்து, நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே பெரிய மண்டபங்களைப் போல் அறைகள் அமைத்திருக்கிறார்கள். சுவருக்கு இரும்புத் தகடு கிடையாது. சுற்றியுள்ள பாறையின் வெடிப்புகளில் நிறைந்திருக்கும் தண்ணீர் உள்நோக்கி அழுத்துவதால் எண்ணெயும் அதன் ஆவியும் வெளியே கசிய முடிவதில்லை. கசிந்து வரும் நீர் எண்ணெய்க்கு அடியில் தங்கும். அதைப் பம்பினால் இறைத்துவிடுகிறார்கள். தரைக்கு மேலுள்ள தொட்டியைப் போல் இதற்குத் தீப்பயமும் இல்லை, ஆகாய விமானத்தின் குண்டுக்கும் எளிதில் எட்டாது.

இப்படிப்பட்ட குகைகள் ஒரே ஒரு முறை தங்கள் பயனை முழுதும் காட்டின. 2020 ஏப்ரல், மே மாதங்களில் கொள்ளை நோயினால் உலகம் முடங்கிக் கிடக்க, எண்ணெயை வாங்குவாரில்லாமல் விலை படுத்துவிட்டது. அப்பொழுது நமது சர்க்கார் பீப்பாய் சராசரி 19 டாலருக்கு வாங்கி மூன்று குகைகளையும் நிரப்பியது. சுமார் 5,000 கோடி ரூபாய் மிச்சமாயிற்று என்று சர்க்காரே அறிவித்தது. அதற்காக நாம் மனப்பூர்வமாகப் பாராட்டுகிறோம். அந்தப் புத்தி ஏன் நிலைத்து நிற்கவில்லை என்பதே ஆச்சரியம். 2023 பிப்ரவரி பட்ஜெட்டில் குகைகளுக்கு எண்ணெய் வாங்க 5,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் அச்செலவு ஒத்திவைக்கப்பட்டது. ஒடிஸாவில் சண்டிகோலில் 40 லட்சம் டன்னும், பாதூரில் மேற்கொண்டு 25 லட்சம் டன்னும் கொள்ளும் புதுக் குகைகளுக்கு 2018-ல் கொள்கையளவில் சம்மதம் கிடைத்தது. 2021 ஜூலையில் மந்திரிசபை அனுமதித்தது. தனியாரும் பணம் போட வேண்டும் என்ற ஏற்பாட்டில், 2025-ம் வருஷம் முடியும் வரை அவற்றில் ஒரு பீப்பாய் எண்ணெயும் இறங்கவில்லை. எண்ணெயைச் சும்மா வைத்திருப்பதில் லாபமில்லை. ஆகவே தனியார் பணம் தயங்குவதில் வியப்பொன்றும் இல்லை. கோட்டைச் சுவரைக் கட்டுவதற்குக் கண்டிராக்டர் கிடைப்பார். காவலுக்குப் பணம் போடும் கூட்டாளி கிடைப்பது அரிது. அது ராஜாங்கம் ஏற்க வேண்டிய செலவு.

இனி, எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனிப்போம். 2022 பிப்ரவரிக்கு முன்பு ருஷியாவிலிருந்து நாம் வாங்கியது நூற்றுக்கு 2 பங்குகூட இல்லை. உக்ரெயின் யுத்தத்துக்குப் பின் ஐரோப்பா ருஷிய எண்ணெயை மறுக்க, விலையும் இறங்க, 2023-24-ல் நமது இறக்குமதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கிருந்தே வந்தது. மலிவான இடத்தில் வாங்குவது குடும்பஸ்தனுக்கும் தேசத்துக்கும் பொதுவான தர்மம். இதை ஆக்ஷேபித்த ஐரோப்பியர்கள், நமது ஆலைகளில் அதே எண்ணெயிலிருந்து வடித்த டீஸலை வாங்கிக்கொண்டே ஆக்ஷேபித்தார்கள் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். ஆனால் 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இதையே காரணமாகக் காட்டி நமது சரக்குகளின் மீது நூற்றுக்கு 25 கூடுதல் வரி போட்டது. அதே வருஷம் அக்டோபரில் ருஷியாவின் இரண்டு பெரிய எண்ணெய்க் கம்பெனிகளைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. நமது திருப்பூர் பனியனுக்கும் ஆம்பூர் தோலுக்கும் ருஷிய எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், வாங்குகிறவன் கை எப்பொழுதும் கீழேதான் இருக்கும் என்பதே பதில்.

இது புதிய அனுபவமும் அல்ல. சென்னையை அடுத்த மணலியில் 1969-ல் வேலை தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை, ஈரானியத் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் ஓர் அமெரிக்கக் கம்பெனியும் நமது சர்க்காருடன் பங்கு சேர்ந்து அமைத்தது. ஈரானிய எண்ணெயை வடிப்பதற்கென்றே திட்டமிட்டது. ஈரானியருக்கு அந்த ஆலையில் பங்கு இருந்துகொண்டிருக்கும்போதே, 2019 மே மாதத்தோடு ஈரானிய எண்ணெய் இந்தியாவுக்கு வருவது அமெரிக்கத் தடையினால் நின்றது. பங்காளி உள்ளே உட்கார்ந்திருக்க, அவன் சரக்கு மட்டும் வாசல் தாண்டக்கூடாது என்று மூன்றாமவன் உத்தரவிட்டான், நாமும் கீழ்ப்படிந்தோம்.

இராக், ஸவூதி அரேபியா, ஐக்கிய அரபு நாடுகள், குவைத் ஆகிய தேசங்களின் எண்ணெய் வரும் வழியோ இன்னும் குறுகல். ஹார்முஸ் ஜலசந்தி வழியாக 2024-ல் நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய், அதாவது உலகம் செலவிடும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு, சென்றது. 2025 ஜூனில் இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் 12 நாள் யுத்தம் நடந்தபோது அந்த வாசல் அடைபடுமோ என்று உலகம் நடுங்கியது. இந்த விஷயத்தில் கச்சா எண்ணெயைவிட நமக்கு அதிக அச்சம் தருவது சமையல் வாயு. கச்சா எண்ணெயை ருஷியாவிலோ ஆப்பிரிக்காவிலோ பிரேஸிலிலோ தேடிப் பிடிக்கலாம். சமையல் வாயுவில் நமது தேவையின் நூற்றுக்கு 60 பங்கு இறக்குமதி. அதில் மிகப் பெரும் பகுதி வளைகுடா தேசங்களிலிருந்து அந்த ஜலசந்தி வழியாகவே வந்துகொண்டிருந்தது. முப்பது கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சிலிண்டர் இணைப்புக் கொடுத்திருக்கிறோம்; ஏழைக் குடும்பங்கள் விறகுப் புகையிலிருந்து விடுபட்டன; நல்ல காரியம். ஆனால் அந்த வாயுவைச் சேமிக்க விசாகப்பட்டினத்தில் 60,000 டன் குகை ஒன்றும், 2025-ல் மங்களூரில் முடிந்த 80,000 டன் குகை ஒன்றுமே பெரியவை. தேசத்தின் வருஷச் செலவு 3 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. இரண்டு குகைகளும் நிரம்பியிருந்தால் இரண்டு நாள் கழியலாம். விறகடுப்பை இடித்துவிட்ட வீட்டுக்காரிக்கு மூன்றாம் நாள் என்ன சொல்வது?

எண்ணெய் மட்டுமா, அதைச் சுமந்து வரும் கப்பலும் நம்முடையதல்ல. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஏற்படுத்தியதற்காகச் செக்கிழுத்தார் என்று வருஷந்தோறும் மாலை போடுகிறோம். 1980-களின் இறுதியில் நமது கடல் வியாபாரத்தில் நூற்றுக்கு 40 பங்கு இந்தியக் கப்பல்களில் நடந்தது. பின்னர் அது 10-க்கும் கீழே போய்விட்டது. 2025 செப்டம்பரில் கப்பல் கட்டும் தொழிலுக்கென்று 69,725 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு மந்திரிசபை சம்மதித்தது. கப்பல் தண்ணீரில் இறங்கும்போது அதைப்பற்றி விரிவாக எழுதுவோம்.

செலவைக் குறைக்கும் வழிகளையும் நாம் மறுக்கவில்லை. நாம் செலவிடும் எண்ணெயில் ஐந்தில் இரண்டு பங்கு டீஸல். ரயில் பாதைகளை மின்சாரமயமாக்கியது பெரிய சேமிப்பு. பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலப்பது 2025-ல் நிறைவேறியது. அதற்காகக் கரும்பும் அரிசியும் மக்காச்சோளமும் ஆலைக்குப் போக, மக்காச்சோளத்தை வெளிதேசத்திலிருந்து தருவிக்கும் நிலை 2024-ல் வந்துவிட்டது. ஒரு இறக்குமதியைக் குறைக்க இன்னொரு இறக்குமதி என்பது எவ்வளவு தூரம் புத்திசாலித்தனம் என்பதை விவசாய இலாகாவும் எண்ணெய் இலாகாவும் கூடி யோசிக்கட்டும். விலையோ, 2017 ஜூன் முதல் தினந்தோறும் மாறும் என்று அறிவித்து, 2022-க்குப் பிறகு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் அசையாமல் நின்றது. 2020-ல் உலக விலை விழுந்தபோது பெட்ரோல் மீதுள்ள மத்திய வரி லிட்டருக்கு 33 ரூபாயை நெருங்கியது. விலை வீழ்ச்சியின் லாபம் ஜனங்களின் கைக்கு வரவே இல்லை. அந்த வரியில் ஒரு சிறு பங்கையாவது குகைக்கென்று ஒதுக்கியிருந்தால் சண்டிகோலில் இன்று எண்ணெய் இருந்திருக்கும்.

காவிரிப் படுகையைக் குடைந்தால் குறை தீரும் என்று சொல்வாரும் உண்டு. நரிமணத்தில் பல வருஷங்களாக எண்ணெய் எடுத்தாயிற்று. அது தேசத்தின் பசிக்குச் சோளப்பொரி. அதற்காக நெல் விளையும் பூமியை இழக்கக்கூடாது என்று டெல்டா ஜனங்கள் போராடி, 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண்மை மண்டலச் சட்டம் வந்தது. நாகப்பட்டினத்தில் 90 லட்சம் டன் வடிக்கும் புது ஆலைக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அது எழும்பினாலும் அதற்கு வேண்டிய கச்சா எண்ணெயில் பெரும் பகுதி கப்பலில்தான் வர வேண்டும்.

இவ்வளவு பெரிய விஷயத்தில் ஜனங்களுக்குக் கிடைக்கும் தகவல் என்ன? எண்ணெய் இலாகாவைச் சேர்ந்த கணக்கு ஆபீஸ் உற்பத்தி எவ்வளவு, இறக்குமதி எவ்வளவு, செலவு எவ்வளவு என்று மாதந்தோறும் ஒழுங்காக வெளியிடுகிறது. அந்த வேலையை நாம் மதிக்கிறோம். இக்கட்டுரையின் தொகைகளிற் பலவும் அங்கிருந்தே வந்தவை. ஆனால் வரவும் செலவும் வெளியாக, இருப்பு மட்டும் வெளியாவதில்லை. அமெரிக்காவில் புதன்கிழமைதோறும் குறித்த நேரத்தில் கச்சா எண்ணெய் எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு, டீஸல் எவ்வளவு, சர்க்கார் சேமிப்பில் எவ்வளவு என்று பிராந்திய வாரியாகப் பிரசுரிக்கிறார்கள். 2022-ல் அந்தச் சேமிப்பிலிருந்து 18 கோடி பீப்பாயை எடுத்து விற்க உத்தரவானபோது, வாரந்தோறும் எவ்வளவு குறைகிறது என்பதைத் தெருவில் போகிறவனும் பார்த்துக்கொண்டிருந்தான். 2023-ல் நாற்பது வருஷங்களில் காணாத அளவுக்கு அது இறங்கியபோது, எதிர்க்கட்சியார் அந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டே ஜனாதிபதியைக் கேள்வி கேட்டார்கள். 2021 நவம்பரில் நமது சர்க்காரும் 50 லட்சம் பீப்பாயை விடுவிப்பதாக அறிவித்தது. அதன் பிறகு குகையில் மிஞ்சியது எவ்வளவு என்று வாரந்தோறும் சொல்வார் இல்லை.

வெளியிட்டால் பகைவர்கள் தெரிந்துகொள்வார்கள் என்று உத்தியோகஸ்தர்கள் சொல்லக்கூடும். பகைவர்களுக்கு நமது ஆபீஸின் தயவு வேண்டியதில்லை. எண்ணெய்த் தொட்டியின் கூரை மிதக்கும் கூரை. எண்ணெய் குறைந்தால் கூரை தாழ்ந்து, தொட்டியின் உட்சுவர் நிழல் அதன் மேல் நீளமாக விழும். வானத்திலிருந்து எடுக்கும் படத்தில் அந்த நிழலை அளந்து, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிட்டு விற்கும் கம்பெனிகள் இருக்கின்றன. கையிருப்பை வெளியிடாத சீனாவின் தொட்டிகளையே அவ்விதம் எண்ணிவிடுகிறார்கள். பாறைக்கு அடியிலுள்ள குகையை அப்படிப் பார்க்க முடியாது என்பது மெய். ஆனால் எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் எத்தனை டன் இறக்கியது என்பது லண்டனிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்திருக்கும் வியாபாரிக்கு அன்றே தெரிகிறது. தெரியாமலிருப்பவர்கள் இந்தத் தேசத்துப் பிரஜைகளும் அவர்களுடைய பிரதிநிதிகளுமே. மேலும் 2020-ல் குகைகள் நிரம்பியபோது சர்க்காரே அதை ஊரறியப் பறைசாற்றியது. நிரம்பும்போது செய்தி, குறையும்போது ரகசியமா?

அடுத்த கூட்டத்தில் நமது பார்லிமெண்டு அங்கத்தினர்கள் 74 நாள் என்ற விடையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடலாகாது. விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் மூன்றிலும் அன்றைய தேதியில் எத்தனை டன் எண்ணெய் இருக்கிறது, அதில் நமக்குச் சொந்தமானது எவ்வளவு, இடத்தை வாடகைக்கு எடுத்துள்ள அந்நியக் கம்பெனிக்குச் சொந்தமானது எவ்வளவு, கம்பெனிகளின் தொட்டிகளில் ஆலையை நிறுத்தாமல் எடுக்கக்கூடியது எத்தனை நாளைக்கு வரும், சமையல் வாயு எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். விடை எழுத்து மூலம் வர வேண்டும். அதே கணக்கை வாரம் ஒரு முறை பிரசுரிக்க இலாகாவுக்குச் சம்மதமா, இல்லையானால் என்ன காரணம் என்பதையும் மந்திரியவர்கள் தமது வாயாலேயே சொல்லட்டும். தமிழ்நாட்டிலிருந்து லோகசபைக்குச் சென்றிருக்கும் அங்கத்தினர்கள் 39 பேர். இக்கேள்விகளுக்கு முதலில் நோட்டீஸ் கொடுப்பவரின் பெயரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.